ரோடு போட காசு உண்டு, மராமத்துக்கு இல்லையா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கினவர்கள் இங்கேயும் தூங்கலாம், கோபப்பட மாட்டேன். மற்றவர்கள் முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

முந்தாநாள் நம்ம குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. என்ன திட்டம், எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர் ரோடு என்று கொட்டை எழுத்தில் போட்டு, மேலே தலைவர்கள் கைகூப்பிச் சிரிக்கிறார்கள். அனுப்பியது என் அத்தான் மகன். "இனியாவது ரோடு சரியில்லன்னு பொலம்பாதீங்க" என்று கீழே ஒரு வரி வேறு. அரைமணி நேரத்தில் மறு கட்சிக்கார மருமகன் இன்னொரு படம் போட்டான். அதில் வேறு தலைவர், வேறு கோடி. இரண்டு பேரும் ராத்திரி பதினொரு மணி வரை மல்லுக்கட்டினார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுகிறவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். ஊர் பெயரைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான். "டீச்சர், உங்களுக்காக வாறேன். ஆனா பாலம் வரைக்கும்தான். அதுக்கு அங்கிட்டு வண்டி போவாது. போன மாசம்தான் நாலாயிரம் ரூவா செலவழிச்சு வண்டியை நேராக்கினேன்" என்றான். பாலத்தில் இறங்கி அரைக் கிலோமீட்டர் நடந்தேன். எனக்கு முட்டுவலி உண்டு என்று உங்களுக்கெல்லாம் தெரியும். நடந்தபோது மனசுக்குள் எழுதியதுதான் இது.

அந்த ரோட்டில் நான் 19 வருஷம் போய்வந்திருக்கிறேன். அதற்குள் மூன்று தடவை புதிதாகப் போட்டார்கள். மூன்று தடவையும் பூமி பூஜை, மாலை, வடை, டீ. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைதட்டச் சொன்னவள் நான்தான். ஒரு தடவைகூட, "அடுத்த வருஷம் இதில் குழி விழுந்தால் அடைக்க யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்று நான் கேட்டதில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ரோடு எப்படிச் செத்தது என்று கண்ணால் பார்த்தவள் நான். பாலத்தை ஒட்டி ஒரு ஓடை. அதில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்தது. இடவப்பாதி மழையில் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் ரோட்டில் ஏறி நின்றது. உள்ளங்கை அளவு தார் பெயர்ந்தது. அன்றைக்கு இரண்டு ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு கூடை சல்லி, ஒரு சட்டி தார் போதும், வேலை முடிந்திருக்கும். யாரும் வரவில்லை. ஐப்பசி மழைக்குள் அது சோற்றுப் பானை அளவானது. மறுவருஷம் பள்ளிப் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். பட்டை முறிகிறது என்று மினி பஸ்காரர் வருவதை நிறுத்தினார். பஸ் நின்றதும் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேன் வைத்து நாகர்கோவிலுக்கு அனுப்பினார்கள். நான் சேர்ந்தபோது 112 பிள்ளைகள் இருந்த பள்ளியில், நான் ஓய்வு பெறும்போது 31. ரோடு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் மீடியம் மோகமும் உண்டு, பிள்ளைகள் பிறப்பதும் குறைந்துவிட்டது. ஆனால் வேன் வைக்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைதான் கடைசிவரை அந்தச் சேற்றில் நடந்து வந்தது. அதை நான் மறக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம தாத்தாமார் காலத்தில், திருவிதாங்கூர் ஆட்சியில், ரோடும் பாலமும் பார்க்கிற துறைக்கு என்ன பெயர் தெரியுமா? மராமத்து. கேரளத்தில் இன்றைக்கும் பொதுமராமத்து என்றுதான் பெயர்ப்பலகை. மராமத்து என்றால் பழுதுபார்த்தல். அரபியில் இருந்து வந்த சொல். நம்ம ஊரில் குளத்துக்குக் குடிமராமத்து என்பார்கள். ஒரு துறைக்கே பழுதுபார்ப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம், மராமத்து போய் பொதுப்பணி வந்தது. பெயர் மாறினது பிரச்சினை இல்லை. பழுதுபார்ப்பு என்ற எண்ணமே இரண்டு மாநிலத்திலும், டெல்லியிலும் வழியிலே எங்கேயோ விழுந்துபோனதுதான் பிரச்சினை.

ரோடு போடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-இல் தொடங்கினது. நாடு முழுக்க இதுவரை 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் முதல்வர் சட்டமன்றத்தில், இரண்டு வருஷத்தில் 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் கிராமச் சாலையை மேம்படுத்துவோம் என்று அறிவித்தார். அதற்கு முன்னால் இருந்த ஆட்சிகளும் அவரவர் பெயரில் திட்டம் போட்டார்கள். எல்லாம் போடுகிற காசு, இல்லாவிட்டால் திரும்பப் போடுகிற காசு. போட்ட ரோட்டை வருஷா வருஷம் பார்த்துக்கொள்கிற காசு எங்கே? அதைத்தான் கேட்கிறேன்.

பிரதமர் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ரோடு போடுகிற ஒப்பந்தக்காரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும். ரோடு தொடங்குகிற இடத்தில் நிற்கிற பலகையில் பராமரிப்புத் தொகையும் எழுதியிருக்கும், நின்று படித்துப் பாருங்கள். போடுகிற செலவில் 2015-16 முதல் மத்திய அரசு 60, மாநிலம் 40. பராமரிப்புச் செலவோ முழுக்க மாநிலத்தின் தலையில். அந்த ஐந்து வருஷம் முடிந்த மறுநாள்? பலகை துருப்பிடிக்கும், ரோடு அனாதையாகும். பெற்ற தகப்பன் ஐந்து வயதில் கைவிட்ட பிள்ளை மாதிரி.

ஏன் இப்படி? இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். புது ரோடு போட்டால் அது மூலதனச் செலவு, சொத்து சேர்ந்ததாகக் கணக்கு. குழி அடைத்தால் அது வருவாய்ச் செலவு, சம்பளம் மாதிரி, கரண்ட் பில் மாதிரி. காசு முடை வந்தால் எல்லா அரசாங்கமும் முதலில் கை வைப்பது இந்த இரண்டாவதில். போதாததற்கு 2020-21 முதல் மத்திய அரசு மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது, மூலதனச் செலவுக்கு மட்டும். அப்படியானால் ஒரு அதிகாரி என்ன நினைப்பார்? குழியை அடைக்கப் பைசா கிடைக்காது. முழுசாக நாசமாகட்டும், புதிதாகப் போட நிதி வாங்கிக்கொள்ளலாம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் கட்டி வைத்திருக்கிற கணக்கே, ரோடு நாசமானால்தான் லாபம் என்று சொல்கிறது.

நாம் ரோட்டுக்கென்று வரி கொடுக்கவில்லையா? கொடுக்கிறோம். பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு லிட்டரிலும் சாலைக்கென்று ஒரு மேல்வரி உண்டு. இது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. ஜெயகர் கமிட்டி சொல்லி 1929-இல் மத்திய சாலை நிதி உண்டானது. 2000-இல் அதற்குச் சட்டமே போட்டு, டீசல் மேல்வரியில் பாதி கிராமச் சாலைக்கு என்று எழுதினார்கள். 2018-இல் சட்டத்தைத் திருத்தி, சாலை மட்டுமில்லை, மற்ற உட்கட்டமைப்புக்கும் என்று விரித்தார்கள். வண்டியில் எண்ணெய் ஊற்றுகிறபோதெல்லாம் ரோட்டுக்குக் காசு கொடுக்கிறோம். குழியை அடைக்க நம்ம ஊராட்சிக்கு அதிலிருந்து வருவது என்ன என்று யாராவது ஒரு மந்திரி சொல்லட்டும்.

ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் வருகிறதே என்பீர்கள். 15-ஆவது நிதிக்குழு கொடுத்ததில் 100-க்கு 60 குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். மிச்சம் 40-இல்தான் ரோடு உள்பட ஊரின் மற்ற தேவை எல்லாம். அந்தப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கத் தலைவர் வேண்டுமே? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் தேர்தல் வரை நம்ம ஊராட்சிகளுக்குத் தலைவரே இல்லை. தேர்தல் நடத்தவில்லை என்று டெல்லி மானியத்தையும் நிறுத்திவைத்தது. மூன்று வருஷம், மக்களே! நம்ம ஊரில் மூன்று வருஷம் என்றால் ஆறு மழைக்காலம். ஒக்கி புயலும் அதற்குள்தான் வந்து போனது, 2017 நவம்பர் கடைசியில். 2025 ஜனவரி 5-உடன் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின.

இனி சொல்லப்போவது நம்ம மாவட்டத்துக்கே உரிய கூத்து. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

தேரூர் தெரியுமில்லையா? கவிமணி பிறந்த ஊர். சுற்றிலும் வயல், குளம், கொக்கு, நாரை. சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த நீர்நிலைகளை 2022-இல் ராம்சர் ஈரநிலமாக உலக அளவில் அங்கீகரித்தார்கள். அந்தத் தேரூர் அரசாங்கக் கணக்கில் கிராமம் இல்லை, பேரூராட்சி! ஜீவா பிறந்த பூதப்பாண்டியும் அப்படி. தாழக்குடியும் அழகியபாண்டியபுரமும் மருங்கூரும் அப்படித்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிற ஊர்கள் எல்லாம் நகரமாம். 2022-இல் இந்தச் சின்ன மாவட்டத்தில் கிராம ஊராட்சி 95, பேரூராட்சி 51 இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 100-க்கு 82 பேர் நகரவாசி என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாடு முழுசுக்கும் அது 48 தான்.

இதனால் என்ன நஷ்டம்? கிராமச் சாலைத் திட்டங்கள் ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருகிறவை. பேரூராட்சிக்கு அதில் பங்கு கிடையாது. பிரதமர் திட்டத்திலும் நகர்ப்புறச் சாலைக்கு இடமில்லை. நூறு நாள் வேலையில் ஓடை வெட்ட, ரோட்டோரம் மண் போட ஆள் கிடைத்ததே, அதுவும் பேரூராட்சிக்கு இல்லை. சரி, நகரத்துக்கான நிதியில் வாங்கலாம் என்றால், அங்கே மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் வரிசையில் நிற்க வேண்டும். நாலு தெருவும் நாற்பது வயலும் உள்ள பேரூராட்சிக்கு சொத்து வரி என்ன பெரிதாக வந்துவிடும்? கிராமத்துப் பந்தியிலும் இலை இல்லை, நகரத்துப் பந்தியிலும் கடைசி இலை.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2004-இல் அன்றைய அரசு மாநிலம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சி என்று மாற்றியது. மத்திய அரசின் கிராம நிதியை வாங்கலாம் என்பதற்காக. 2006-இல் ஆட்சி மாறியதும் மறுபடியும் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் அரசாணை போட்டார்கள். பலகையில் பெயரை இரண்டு தடவை அழித்து எழுதினார்கள். ரோடு மட்டும் கிடந்தபடியே கிடந்தது.

நான் நடந்த அந்த ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலம் வரை ஊராட்சி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பேரூராட்சி. நடுவில் கொஞ்சம் தூரம் கால்வாய்க் கரை, அது நீர்வளத் துறைக்குச் சொந்தம். ஓய்வு பெற்ற பிறகு மூன்று இடத்துக்கும் மனு கொண்டுபோனேன். முதல் இடத்தில் "அது எங்க எல்லை இல்ல டீச்சர்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "எஸ்டிமேட் போட்டாச்சு, நிதி வரணும்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் "கரையில ரோடு போட்டதே தப்பு" என்றார்கள். குழி சரியாக எல்லையில்தான் இருக்கிறது. குழிக்கு எல்லை தெரிந்திருக்கிறது, மனுஷருக்குத்தான் தெரியவில்லை.

முன்பெல்லாம் பெரிய ரோட்டிலாவது மண்வெட்டியும் கூடையுமாக ஆட்களைப் பார்ப்போம், நினைவிருக்கிறதா? நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள். புல் வெட்டுவார்கள், ஓடை தூர்ப்பார்கள், குழி சின்னதாக இருக்கும்போதே அடைப்பார்கள். 2002 செப்டம்பரில் சுமார் 10,000 பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதம் அவர்கள் தெருவில் நின்று போராடி, 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கில் சேருங்கள் என்று பிறகு வருஷக்கணக்காகக் கேட்டுப் போராடினார்கள். மராமத்து செய்கிறவனுக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். கிராம ரோட்டுக்கோ அந்த மாதிரி ஆளே இல்லை.

இன்னொரு சேதம் மேற்கே இருந்து வருகிறது, அதாவது மேற்கே போகிறது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றின 10 சக்கர, 16 சக்கர லாரிகள் கேரளத்துக்குப் போவதை நீங்கள் எல்லாரும் பார்க்கிறீர்கள். பெரிய ரோட்டில் மறித்தால் உள்ரோட்டில் புகுந்து போகிறார்கள். கிராம ரோட்டில் மேலே இருக்கிற தார்க் கலவை பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் கனம்தான், ஒரு விரல் கனம். கீழே சல்லி, அதற்குக் கீழே மண். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை இரவும் பகலும் லாரி ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு அச்சில் ஏற்றுகிற எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வருகிற சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. இது உலகத்து இன்ஜினியர்கள் எல்லாரும் படிக்கிற கணக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பைக் கூட்டியது. நாலு டயர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. பார்க்கச் சின்னதுதான். அந்தக் கணக்குப்படி சேதம் 60 சதவீதம் கூடும். வரம்பைக் கூட்டினவர்கள் கிராம ரோட்டுப் பராமரிப்பு நிதியை 60 சதவீதம் கூட்டினார்களா? வரம்பு மீறி ஏற்றுகிறவர்களின் கதையோ தனி.

இதற்கெல்லாம் பதில் வரும் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

"பணம் எங்கே டீச்சர் இருக்கு?" பராமரிக்கத்தான் பணம் குறைவாகத் தேவைப்படும். உலக வங்கி 1994-ஆம் வருஷத்து வளர்ச்சி அறிக்கையில் ஆப்பிரிக்க நாடுகளின் ரோடுகளைப் பற்றி ஒரு கணக்கு எழுதியது. காலாகாலத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவழித்திருந்தால், ரோடுகளைத் திரும்பக் கட்டுகிற 4,500 கோடி டாலர் மிச்சமாகியிருக்கும் என்று. ஒன்றுக்கு ஏறக்குறைய நாலு. ஏழை நாட்டுக்குத்தான் மராமத்து அவசியம், பணக்காரன் வேண்டுமானால் உடைத்து உடைத்துக் கட்டட்டும். நம்ம வீட்டில் பாட்டி என்ன செய்தாள்? இடவப்பாதிக்கு முன்னால் கூரையில் ஆளை ஏற்றி உடைந்த ஓட்டை மாற்றினாள். பத்து ஓட்டுக்குக் காசு இல்லை, உத்திரம் உளுத்தபிறகு புது வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அவள் சொல்லவில்லை.

"எல்லாம் கமிஷன் டீச்சர், காசு கொடுத்தாலும் தின்னுருவானுவ." தின்கிறார்கள்தான். ஆனால் யோசியுங்கள், எதில் தின்பது எளிது? வருஷம் நாலு தடவை கூலியாள் வந்து ஓடை வெட்டுகிற சின்ன வேலையிலா, ஒரே எஸ்டிமேட்டில் கோடி ரூபாய் வருகிற புது வேலையிலா? பராமரிப்பை ஊரே கண்ணால் பார்க்கலாம். குழி மூடியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல இன்ஜினியர் படிப்பு வேண்டாம்.

"ஜனங்க மட்டும் யோக்கியமா?" இல்லை. ஓடையில் குப்பையைக் கொட்டுவது நாம். வீட்டு முன்னால் சரிவு கட்டி ஓடையை அடைப்பது நாம். குடிதண்ணீர்க் குழாய்க்கு ரோட்டைத் தோண்டும்போது, என் வீட்டுக்குத் தண்ணீர் வந்தால் போதும் என்று பேசாமல் இருப்பதும் நாம். தோண்டினதைச் சரியாக மூடாமல் போனால் அந்த வெட்டு வழியாகத்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இதில் என் தெருவும் சேர்த்தி. ஆனால் நம் தப்பைக் காட்டி அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது.

"முடியாத காரியம்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். களியக்காவிளை தாண்டிப் போய்ப் பாருங்கள். கேரளப் பொதுமராமத்துத் துறை சில வருஷமாக ரோடுகளைத் தொடர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் விட்டு, ஒப்பந்தக்காரர் பெயரும் போன் நம்பரும், பொறுப்பு இன்ஜினியர் நம்பரும் எழுதின பலகையை ரோட்டோரம் நட்டிருக்கிறது. அங்கே ரோடெல்லாம் பட்டு விரித்தாற்போல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரைக் கேட்பது என்று வழிப்போக்கனுக்குத் தெரிகிறது. நம்ம தமிழ்நாட்டிலேயே நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சியில் தொடங்கி, குறிப்பிட்ட தரத்தில் ரோட்டை வைத்திருந்தால்தான் காசு என்ற ஒப்பந்தத்தைச் செய்து பார்த்திருக்கிறது. குழியைப் படம் எடுத்து அனுப்ப "நம்ம சாலை" என்று செயலியும் உண்டு. எல்லாம் நெடுஞ்சாலைத் துறை ரோட்டுக்கு. ஊராட்சி ரோட்டில் விழுகிறவன் யாருக்குப் படம் அனுப்ப?

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று. ஒவ்வொரு ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும், அதன் ரோட்டு நீளத்தைக் கணக்கிட்டு, வருஷா வருஷம் பராமரிப்புக்கென்று தனி நிதி வர வேண்டும். அதை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. புது ரோடு அறிவிக்கிற அன்றைக்கே அதன் பத்து வருஷப் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நாடா வெட்டக்கூடாது.

இரண்டு. ஊர் கிராமமா நகரமா என்று ரோட்டு நிதிக்குப் பார்க்கக்கூடாது. வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ரோடு எந்தப் பதிவேட்டில் இருந்தாலும் கிராம ரோடுதான். குமரி மாவட்டத்துப் பேரூராட்சிகளுக்கு இந்த விலக்கைக் கேட்க வேண்டியது நம்ம சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

மூன்று. ரோட்டுக்கும் ஒரு வருகைப் பதிவேடு வேண்டும். எந்த ரோடு, எப்போது போட்டது, எவ்வளவு செலவு, கடைசியாக எப்போது ஓடை வெட்டினார்கள், எப்போது குழி அடைத்தார்கள். அதை கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும். பேரூராட்சியில் பகுதி சபையில் வாசிக்க வேண்டும். வராத பிள்ளையின் பெயரை நான் தினமும் வாசித்தேன். வாசிக்கிற பெயர் மறந்துபோகாது.

படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள், எனக்கு அது வேண்டாம். ஊரில் இருக்கிற பிள்ளைகள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெரு ரோடு ஊராட்சியா, பேரூராட்சியா, நெடுஞ்சாலையா என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கே 60 வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ரோடு போட எவ்வளவு, பராமரிக்க எவ்வளவு என்று இரண்டே கேள்வி. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு வரும்போது ரோட்டைத் திட்டிவிட்டு விமானம் ஏறாமல், வீட்டில் இருக்கிற அப்பா அம்மா பெயரில் அந்த மனுவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். படிக்கவும் எழுதவும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

நவம்பர் 1 நம்ம மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாள். அதே நாளைத்தான் உள்ளாட்சி தினமாகவும் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு சபை கூடும். மாலை போடுவார்கள், மார்ஷல் நேசமணியைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். முடிந்ததும் ஒரே ஒருவர் எழுந்து, "போன வருஷம் மராமத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை உட்கார வேண்டாம்.

அத்தான் மகனுக்கும் மருமகனுக்கும்: கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தலைவர்கள் இரண்டு பேரும் ரோடு போட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தடவை படம் அனுப்பும்போது பராமரிப்புக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அன்றைக்கு நானும் குழுவில் கைதட்டுகிறேன்.

அந்தப் பாலத்து ரோட்டைப் பற்றி மூன்று அலுவலகத்துக்கும் மனு எழுதி, நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். வராவிட்டால் அதையும் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வடசேரி.